தலைகள் உருண்ட இடத்துக்கு 'ஒற்றுமை' என்று பெயர்

பாரீஸுக்குச் சுற்றுலா போகிற யாரும் கான்கார்ட் சதுக்கத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. நடுவில் ஓர் எகிப்தியத் தூண், இரண்டு நீரூற்றுகள், சுற்றி வாகன இரைச்சல். 'கான்கார்ட்' என்றால் பிரெஞ்சில் ஒற்றுமை, இணக்கம். (2003-ல் ஓய்வு பெற்ற அந்த வேக விமானத்துக்கும் இதே சொல்தான், அது பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து செய்தது என்பதால்.) சண்டை ஓய்ந்த பின் அழகான பெயர் வைத்துவிட்டார்கள் என்று பாராட்டுபவர்கள் நிறைய பேர். அந்தப் பாராட்டில் பாதிதான் நியாயம்.

முதலில் இது பதினைந்தாம் லூயியின் சதுக்கம். ராஜா குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் சிலையை 1763-ல் திறந்தார்கள். 1770 மே 30 அன்று, பின்னாளில் பதினாறாம் லூயி ஆகப்போகும் இளவரசருக்கும் மேரி அன்டாய்னெட்டுக்கும் நடந்த திருமணத்தைக் கொண்டாட இங்கே வாணவேடிக்கை. நெரிசலில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதே தம்பதியின் தலைகள் 23 வருடம் கழித்து அதே இடத்தில் விழுந்தன. கதையில் எழுதினால் 'ஓவர்' என்று சொல்வோம், ஆனால் சரித்திரத்துக்கு அந்தக் கூச்சம் கிடையாது.

1792-ல் சிலையை இழுத்துத் தள்ளிவிட்டுப் 'புரட்சிச் சதுக்கம்' என்று பெயர் மாற்றினார்கள். 1793 ஜனவரி 21 அன்று ராஜா, அக்டோபர் 16 அன்று ராணி, அடுத்த ஆண்டு தாந்தோன், 1794 ஜூலை 28 அன்று எல்லோரையும் அனுப்பி வைத்த ரோபஸ்பியரே. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இங்கே கில்லட்டினுக்குப் போனார்கள். அவர்களில் சரித்திரப் புத்தகத்தில் பெயர் இருப்பவர்கள் கை விட்டு எண்ணக்கூடிய சிலர்தான்.

இனிதான் முக்கியமான இடம். 1795 அக்டோபர் 26, புரட்சி நாடாளுமன்றமான கன்வென்ஷனின் கடைசி நாள். மூட்டை கட்டுகிற அவசரத்தில் ஒரு சட்டம் போட்டார்கள். அதில் மூன்று விஷயங்கள். ஒன்று, இந்தச் சதுக்கத்தின் பெயர் இனி கான்கார்ட். இரண்டு, புரட்சி தொடர்பான குற்றங்களுக்குப் பொது மன்னிப்பு. (மூன்று வாரம் முன்பு கலகம் செய்த அரச ஆதரவாளர்களுக்கு மட்டும் கிடையாது. ஒற்றுமைக்கும் ஓர் எல்லை உண்டு போலிருக்கிறது!) மூன்று, எங்கும் சமாதானம் ஏற்பட்டு அது அறிவிக்கப்படும் நாளிலிருந்து பிரான்சில் மரண தண்டனை ஒழிக்கப்படும்.

யோசித்துப் பாருங்கள். இதற்குக் கை தூக்கியவர்களில் பலர் ராஜாவின் தலையை எடுக்கவும் கை தூக்கியவர்கள். அவர்களே மன்னிப்பும் எழுதிக்கொண்டார்கள், நல்ல பெயரும் வைத்துக்கொண்டார்கள். பெயர் மாற்ற ஒரு பலகை போதும், அது உடனே நடந்தது. மூன்றாவது வாக்குறுதி? நெப்போலியனின் 1810 தண்டனைச் சட்டத்திலும் மரண தண்டனை இருந்தது. பிரான்சில் கில்லட்டின் கடைசியாக விழுந்தது 1977-ல், மார்செய் சிறையில். ஒரே காகிதத்தில் எழுதியவைதான். ஒன்று அன்றைக்கே ஆனது, மற்றது வர 186 வருடம் பிடித்தது.

பெயரும் நிலைக்கவில்லை. 1814-ல் பழைய அரச குடும்பம் திரும்பி வந்ததும் மறுபடி 'பதினைந்தாம் லூயி சதுக்கம்'. 1826-ல் கொல்லப்பட்ட ராஜாவுக்கே நினைவுச்சின்னம் எழுப்ப நினைத்து 'பதினாறாம் லூயி சதுக்கம்'. 1830-ல் இன்னொரு புரட்சி, மீண்டும் கான்கார்ட். யார் ஜெயித்தாலும் முதல் வேலை பலகையைக் கழற்றுவதுதான். நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதா என்ன?

1830-ல் வந்த லூயி பிலிப்பின் நிலைமைதான் தர்மசங்கடம். அவருடைய அப்பா, ராஜாவின் உறவினராக இருந்தும் ராஜாவின் சாவுக்கு ஓட்டுப் போட்டவர். சில மாதம் கழித்து அதே சதுக்கத்தில் தானும் தலையை இழந்தவர். மகன் அங்கே யாருக்குச் சிலை வைப்பார்? ராஜாவுக்கு வைத்தால் அப்பாவுக்குத் துரோகம், புரட்சிக்கு வைத்தால் குடும்பத்துக்கே துரோகம். எகிப்தை ஆண்ட முகமது அலி கொடுத்த, இரண்டாம் ராம்சேஸ் காலத்து லக்ஸர் தூணை 1836 அக்டோபர் 25 அன்று நிறுத்திவிட்டார். சுமார் 3,300 வருடப் பழசு. பிரான்சில் எந்தக் கட்சிக்கும் அதன் மேல் கோபம் இல்லை. அடிப்பீடத்தில்கூட அந்தத் தூணைத் தூக்கி நிறுத்திய இயந்திரங்களின் படங்கள்தான்.

கெட்டிக்காரத்தனம், மறுப்பதற்கில்லை. அதன் பிறகு அந்த இடத்தின் பெயரை யாரும் மாற்றவில்லை என்பதும் உண்மை. ஆனால் அதற்குக் காரணம் எல்லோரும் சமாதானமாகிவிட்டார்கள் என்பதல்ல. அந்தப் பெயரும் தூணும் யாரிடமும் எதையும் கேட்பதில்லை, அவ்வளவுதான். கான்கார்ட் என்ற சொல்லை மாற்ற வேண்டாம். பலகையில் இடம் இருந்தால், அதே சட்டத்தின் மூன்றாவது வாக்குறுதியையும் அது நிறைவேறிய தேதியையும் கீழே எழுதலாம்: 1981 அக்டோபர் 9.

தூணுக்கு ஜோடி ஒன்று உண்டு. பிரான்சுக்கே கொடுக்கப்பட்டும் லக்ஸரை விட்டு நகராத அந்த இரண்டாவது தூணின் மீதான உரிமையை பிரான்ஸ் கைவிட்டதும் அதே 1981-ல்தான்.