மறந்ததை நினைவூட்டும் தளங்கள்

சென்ற மாதம் என் மாமனார் திருநெல்வேலிக்குப் பஸ் டிக்கெட் எடுக்க உட்கார்ந்தார். பாஸ்வேர்டு மறந்துவிட்டது. 'மறந்துவிட்டேன்' என்ற பொத்தானை அழுத்தியதும், பழைய பாஸ்வேர்டே எழுத்து பிசகாமல் மின்னஞ்சலில் வந்து நின்றது. "பாத்தீங்களா மாப்பிளே, நாம மறந்தாலும் அவங்க மறக்கலே!" என்று மெச்சினார். எனக்கு வயிற்றில் புளி கரைத்தது. பேத்தியின் பெயரும் பிறந்த வருடமும் சேர்ந்த அதே சொல்தான் அவருடைய பாங்குக் கணக்குக்கும்!

ஒரு தளம் பழைய பாஸ்வேர்டைத் திருப்பித் தருகிறது என்றால், அதைப் படிக்கும் நிலையில் வைத்திருக்கிறது என்று பொருள். அங்கே நுழையும் திருடனும் படிப்பான். முறையாகச் செய்பவர்கள் பாஸ்வேர்டை அரைத்து மாவாக்கி, மாவை மட்டும் வைத்துக்கொள்வார்கள். மறுமுறை நாம் தட்டும்போது அதையும் அரைத்து ஒப்பிடுவார்கள். மாவை மீண்டும் அரிசியாக்க முடியாது. ஒரே சொல்லை இருவர் வைத்திருந்தாலும் தெரியாதபடி ஆளுக்கொரு உப்பும் சேர்ப்பார்கள். கணிப்பொறிக்காரர்களும் இதை உப்பு என்றே சொல்கிறார்கள்.

ஆனால் அரைவை இயந்திரம் வேகமாக இருக்கக்கூடாது. நம் பெங்களூரில் 2011-ல் தொடங்கிய பிக்பாஸ்கெட்டில் 2020 அக்டோபரில் 2 கோடிக்கும் அதிகமான வாடிக்கையாளர் விவரங்கள் திருடு போயின. நிறுவனம் இங்குள்ள சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுத்தது. 2021 ஏப்ரலில் பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் பகிரங்கமாயின. பாஸ்வேர்டுகள் அரைத்தவைதான், ஆனால் எஸ்.எச்.ஏ-1 என்ற வேகமான முறையில். அந்த வேகம் திருடனுக்கும் உதவும். சுலபமான சொற்களைக் கோடிக்கணக்கில் அரைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிடுவான். வேண்டுமென்றே மெதுவாக அரைக்கும் பிகிரிப்ட் முறை 1999-லேயே வந்துவிட்டது.

பெரியவர்களைப் பார்த்து, "கஷ்டமான பாஸ்வேர்டு வையுங்கள்" என்று நாம் அதட்டுகிறோம். வைத்துக் காக்கவேண்டிய கடைக்காரரை யார் கேட்பது? 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. மறந்தவருக்குச் சிறிது நேரமே செல்லும், ஒரே முறை பயன்படும் இணைப்பை அனுப்பினால் போதும். புதிய சொல்லை அவரே வைத்துக்கொள்வார். பழையதை அனுப்பும் தளத்துக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டுக் கணக்கை மூடுங்கள் என்பேன்.

இன்னொன்று. சில தளங்கள் அடையாளத்துக்கு, "உங்கள் சொந்த ஊர் எது?" என்று கேட்கின்றன. வெளியூரில் வாழும் தமிழர் இருவர் சந்தித்தால் முதல் கேள்வியே அதுதானே! அதை ரகசியம் என்பது வேடிக்கை.

அன்றிரவே மாமனாரின் பாஸ்வேர்டுகள் அனைத்தையும் தனித்தனியாக மாற்றினோம். அவற்றை ஒரு நோட்டில் எழுதி பீரோவில் பூட்டிவிட்டார். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்தத் திருடன் வீடு தேடித்தான் வரவேண்டும்.