டான்ஸில்: எடுப்பதா, விடுவதா?

பள்ளிக்கூடம் திறந்து மழையும் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டால் போதும், எனக்கு வரும் கடிதங்களில் பாதி தொண்டையைப் பற்றித்தான் இருக்கும். "குழந்தைக்கு டான்ஸில் வீங்கியிருக்கிறது. ஆபரேஷன் செய்துவிடச் சொல்கிறார்கள். செய்யலாமா, வேண்டாமா?" இதே கேள்விதான். போன வருஷம் அது எங்கள் காஞ்சிபுரத்திலிருந்தே, பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்யும் குடும்பத்து மருமகள் ஒருத்தியிடமிருந்து வந்தது. அந்த வீட்டு விஷயம் இப்போது ஒரு முடிவுக்கு வந்திருப்பதால், அவர்கள் சம்மதத்துடன், பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். இதே குழப்பத்தில் இருக்கும் சகோதரிகளுக்கு உதவுமே!

"அக்கா, என் பொண்ணுக்கு எட்டு வயசு. எப்பப் பார்த்தாலும் தொண்டை வலி, ஜுரம். வாயைத் திறக்கச் சொன்னா ரெண்டு பக்கமும் நெல்லிக்காய் மாதிரி தெரியுது. எடுத்துடலாம்னு ஒரு டாக்டர் சொல்றார். என் மாமியார், 'பொம்பளைப் பிள்ளை, கத்தி வெச்சா குரல் போயிடும்'னு பிடிவாதமா நிக்கிறாங்க. என் ஓரகத்தி பையனுக்கு அஞ்சு வயசு. அவனுக்கும் அதே நெல்லிக்காய்தான். ஆனா ஜுரமே வராது, ராத்திரி குறட்டை மட்டும் விடுவான். அவனைப் பத்தி யாருக்கும் கவலை இல்லை. நான்தான் தவிக்கிறேன்" என்று எழுதியிருந்தாள்.

நான் டாக்டர் இல்லை. ஆனால் டாக்டரிடம் போவதற்கு முன் ஒரு தாய் என்னென்ன தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லலாம் அல்லவா? ஒரு சாயங்காலம் நேரிலேயே போனேன்.

முதலில் அந்த நெல்லிக்காயைப் பற்றி. டான்ஸில் என்பது வியாதி அல்ல. எல்லோருக்கும் பிறவியிலேயே இருக்கும் சதை. வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும் வரும் கிருமிகளை உடம்புக்கு அறிமுகப்படுத்தும் வாசல் காவல்காரன் மாதிரி. மூன்று, நாலு வயதிலிருந்து ஏழெட்டு வயது வரை அது பெரிதாகத்தான் இருக்கும். பிறகு தானாகச் சுருங்க ஆரம்பிக்கும். ஆகவே பெரிதாகத் தெரிகிறது என்பது மட்டுமே அதை எடுப்பதற்குக் காரணம் ஆகாது. நடுவில் தொங்கும் உள்நாக்கு வேறு, பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் டான்ஸில் வேறு. "உள்நாக்கு வளர்ந்திருக்கு, விரலில் உப்பைத் தொட்டு அமுக்கி விடறேன்" என்று யாராவது வந்தால், கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். புண்ணாகி ரத்தம் வரும், கிருமியும் சேரும்.

பார்வையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1934ல் நியூயார்க் நகரத்தில் பதினொரு வயதுப் பள்ளிக் குழந்தைகள் 1000 பேரைப் பார்த்தார்கள். 611 பேருக்கு ஏற்கெனவே டான்ஸிலை எடுத்தாகிவிட்டது. மிச்சம் 389 பேரை டாக்டர்களிடம் காட்டினார்கள். 174 பேருக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். "தேவையில்லை" என்று விடப்பட்ட 215 பேரை வேறு டாக்டர்களிடம் அனுப்பினால், அதிலும் 99 பேருக்கு எடுக்கச் சொன்னார்கள்! அதிலும் தப்பிய 116 பேரை மூன்றாம் தடவை காட்டியபோது இன்னும் 51 பேர் சேர்ந்தார்கள். கடைசியில் ஆயிரத்தில் 65 குழந்தைகள்தான் மிஞ்சினார்கள். இங்கிலாந்தில் லண்டனை அடுத்த ஹார்ன்ஸி என்ற ஊரிலோ, 1928ல் பள்ளிக் குழந்தைகளில் 186 பேருக்கு இந்த ஆபரேஷன் நடந்தது. பள்ளி மருத்துவ அதிகாரி மாறினார். 1929ல் வெறும் 12 பேர்! ஒரே வருஷத்தில் அந்த ஊர்க் குழந்தைகளின் தொண்டையா மாறிவிட்டது? பார்க்கிறவர் கண்தான் மாறியது.

இதைக் கேட்டதும் மாமியாருக்கு ஏக சந்தோஷம். "பார்த்தியா, நான் சொன்னேன்ல?" என்று மருமகளைப் பார்த்தார். "கொஞ்சம் பொறுங்கம்மா, இன்னும் முடியலை" என்றேன்.

பின்னே எதை வைத்து முடிவு செய்வது? எண்ணிக்கையை வைத்துத்தான். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்து டாக்டர்கள் 1984ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் பயன்படுத்திய கணக்கைத்தான் இன்றும் பல நாட்டு டாக்டர்கள் பின்பற்றுகிறார்கள். ஒரே வருஷத்தில் 7 தடவை. அல்லது அடுத்தடுத்து இரண்டு வருஷம், வருஷத்துக்கு 5 தடவை. அல்லது மூன்று வருஷம், வருஷத்துக்கு 3 தடவை. இப்படி வந்திருந்தால் ஆபரேஷனைப் பற்றி யோசிக்கலாம். அதிலும் சும்மா கரகரப்பு கணக்கில் சேராது. தொண்டை வலியோடு 101 டிகிரிக்கு மேல் ஜுரம், அல்லது கழுத்தில் வலியோடு நெறி கட்டுதல், அல்லது டான்ஸிலின் மேல் வெள்ளையாகச் சீழ், அல்லது பரிசோதனையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி. இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். மூக்கு ஒழுகி, தும்மல், இருமலோடு வரும் தொண்டை வலி பெரும்பாலும் வைரஸ் ஜலதோஷம்தான். டான்ஸிலை எடுத்தாலும் ஜலதோஷம் வரத்தான் செய்யும்.

"எத்தனை தடவை வந்தது?" என்று கேட்டேன். "மாசா மாசம் வருதுக்கா" என்றாள். நம் எல்லோர் மனசும் அப்படித்தான். குழந்தை துவண்டு படுத்த ராத்திரிகள் எண்ணிக்கையில் பெருகிவிடும். அந்த வீட்டில் பட்டு நூலும் ஜரிகையும் வாங்கிய கணக்கை எழுதும் நோட்டு ஒன்று உண்டு. மருந்துச் செலவும் அதில்தான் ஏறும். அதையும், பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்ட தேதிகளையும், மருந்துச் சீட்டுகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒரு வருஷத்தில் 9 தடவை. அதில் ஐந்து, மூக்கொழுகலும் இருமலும். உண்மையான தொண்டை ஜுரம் 4தான். அதற்கு முந்தின வருஷம் 2. கணக்கு எட்டவில்லை!

அந்த நோட்டோடு காது மூக்கு தொண்டை நிபுணரிடம் போனார்கள். பார்த்துவிட்டு அவரும், "ஒரு வருஷம் பொறுத்துப் பார்க்கலாம்" என்றாராம். கடுமையாக அவதிப்படும் குழந்தைகளுக்கே ஆபரேஷனின் பலன் முதல் ஓரிரண்டு வருஷத்தில்தான் நன்றாகத் தெரிகிறது. அதற்குப் பிறகு, எடுக்காத குழந்தைகளுக்கும் வயது ஏற ஏறத் தொந்தரவு தானாகக் குறைந்துவிடுகிறது.

பொறுத்திருப்பது என்றால் சும்மா இருப்பது அல்ல, சகோதரிகளே! இங்கேதான் நம் நாட்டுத் தாய்மார்கள் கவனமாக இருக்க வேண்டும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டைப் புண்ணைச் சரியாகக் குணப்படுத்தாவிட்டால், இரண்டு மூன்று வாரம் கழித்து ருமாட்டிக் ஜுரம் வரக்கூடும். 5 முதல் 15 வயதுக்குள்தான் அதிகம் வரும். மூட்டு மூட்டாக வீங்கி வலிக்கும், அது போய்விடும். ஆனால் இருதய வால்வில் விழுந்த தழும்பு போகாது. அந்தப் பெண் வளர்ந்து, கல்யாணமாகி, பிள்ளை உண்டாகும்போது மூச்சு வாங்கும், அப்போதுதான் தெரியவரும். ஆகவே டாக்டர் பென்சிலின் மாதிரி மருந்தைப் பத்து நாள் கொடுக்கச் சொன்னால், பத்து நாளும் கொடுங்கள். மூன்றாம் நாளே ஜுரம் விட்டு, குழந்தை விளையாடப் போய்விடும். "சரியாப் போச்சே, எதுக்கு மீதி மாத்திரை?" என்று நிறுத்திவிடாதீர்கள். அதே சமயம், ஜலதோஷத்துக்கெல்லாம் நீங்களாகக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கியும் கொடுக்காதீர்கள்.

வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பது, மஞ்சளும் மிளகும் தட்டிப் போட்ட பால், இவையெல்லாம் இதமாக இருக்கும்; தாராளமாகச் செய்யுங்கள். வீட்டுக்குள் பீடி, சிகரெட் புகை வேண்டவே வேண்டாம். வீட்டு ஆண்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்லுங்கள். எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தாலோ, வாயைத் திறக்க முடியாவிட்டாலோ, மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ, தொண்டையில் சாம்பல் நிறத்தில் ஆடை படிந்தாற்போல் தெரிந்தாலோ, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கடைசியாகச் சொன்னது தொண்டை அடைப்பானாக இருக்கலாம். அதற்கான தடுப்பூசிகளை விட்டுவிடாமல் போட்டுவிட்டீர்களா என்று அட்டையை எடுத்துப் பாருங்கள்.

சரி, அந்தச் சின்னப் பையன்? அவனைப் பற்றித்தான் எனக்குக் கவலை. "தூங்கும்போது எப்படி மூச்சு விடறான்?" என்று அவன் அம்மாவைக் கேட்டேன். "குறட்டை விடுவான். திடீர்னு சத்தமே நின்னுடும். அப்புறம் திணறிக்கிட்டு ஒரு பெருமூச்சு விட்டுப் புரண்டு படுப்பான். தலையெல்லாம் வேர்த்திருக்கும். பாயை நனைச்சிடறான். பகல்ல ஒரே முரட்டுத்தனம், டீச்சரும் சொல்றாங்க. களைப்புல குறட்டை விடறான்னு நினைச்சோம்" என்றாள்.

டான்ஸிலும், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு என்ற சதையும் பெருத்துவிட்டால், படுத்ததும் மூச்சுப் பாதையை அடைத்துக்கொள்ளும். குழந்தை தூக்கத்தில் மூச்சு முட்டி முட்டி விழிக்கும். சரியான தூக்கம் இல்லாததால் பகலில் சிடுசிடுப்பு, கவனக் குறைவு, படுக்கையை நனைப்பது, வளர்த்தி குறைவது என்று பலதும் வரும். இவனுக்கு ஜுரக் கணக்கே தேவையில்லை; ராத்திரிக் கணக்குதான். "செல்போனில் அவன் தூங்கறதை ஒரு நிமிஷம் படம் பிடிச்சு டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றேன்.

இதிலும் அவசரம் கூடாதுதான். அமெரிக்காவில் 5 முதல் 9 வயது வரை இப்படித் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் குழந்தைகள் 464 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உடனே ஆபரேஷன் செய்தார்கள்; மற்றவர்களைக் காத்திருந்து கவனித்தார்கள். முடிவு 2013ல் வெளிவந்தது. ஏழு மாதத்தில், ஆபரேஷன் ஆனவர்களில் 100க்கு 79 பேருக்குத் தூக்கப் பரிசோதனை சரியாகிவிட்டது. காத்திருந்தவர்களிலும் 46 பேருக்குச் சரியானது. ஆனால் நடத்தையிலும், அன்றாட வாழ்க்கையின் நிம்மதியிலும் ஆபரேஷன் ஆன குழந்தைகளே நன்றாக முன்னேறினார்கள். இலேசான தொந்தரவு என்றால் காத்திருக்கலாம். மூச்சு நின்று நின்று வந்தால் டாக்டர் சொல்வதைக் கேட்க வேண்டும். இவனைப் பரிசோதித்த நிபுணர் இரண்டையும் எடுத்துவிடுவது நல்லது என்றார்.

இப்போது பாட்டியின் பயத்துக்கு வருவோம். குரல் போகாது. சில நாள் மூக்கால் பேசுவது போல இருந்து சரியாகிவிடும். எதிர்ப்பு சக்தியும் போய்விடாது. தொண்டையிலும் கழுத்திலும் வேறு காவல்காரர்கள் இருக்கிறார்கள். வெளியே காயமும் இல்லை, தையலும் இல்லை. ஆனால் மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் ஆபரேஷன் என்பதை மறக்கக் கூடாது. குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் நிற்காத கோளாறு உண்டா, குழந்தைக்கு ஆடும் பல் இருக்கிறதா, வேறு மருந்து சாப்பிடுகிறதா என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், எந்த ஆஸ்பத்திரியில் செல்லும் என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூட லீவு என்று மே மாதத்தில் வைத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் தாயின் வேலை ஆரம்பம். தொண்டையில் வெள்ளையாக ஆடை படிந்திருக்கும்; அது சீழ் அல்ல, ஆறும் புண்ணின் பொருக்கு. காதும் வலிக்கும், அது தொண்டை வலிதான். வலிக்கு எடைக்குத் தக்கபடி டாக்டர் எழுதிய பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் கூடவே கூடாது. கோடீன் கலந்த மருந்தும் குழந்தைகளுக்கு ஆகாது. மூச்சையே அடக்கிவிடும் என்று 2013லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடுமையாக எச்சரித்துவிட்டது. வலிக்கிறதே என்று பட்டினி போடாதீர்கள். விழுங்க விழுங்கத்தான் ஆறும். ஆறின பால், மோர், குழைந்த தயிர் சாதம், பாலில் ஊறின இட்லி, ஐஸ்கிரீம் எல்லாம் சரி. எங்கள் ஊர்க் கோயில் இட்லி வேண்டாம். மிளகும் சுக்கும் புண்ணில் பட்டால் குழந்தை துடித்துப் போகும். முறுக்கு, தட்டை இரண்டு வாரம் கண்ணிலேயே படக் கூடாது.

ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரைதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய காலம். பொருக்கு உதிரும்போது ரத்தம் கசியலாம். குழந்தை தூக்கத்தில் அடிக்கடி எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தால் டார்ச் அடித்துப் பாருங்கள். சிவப்பு ரத்தம் தெரிந்தால், நடு ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிதான். அந்தச் சமயம் பார்த்து வரதராஜப் பெருமாள் கோயில் வைகாசி உற்சவம் வந்துவிட்டது. அதிலும் கருட சேவை! "பெருமாள் புண்ணியத்துல பொழைச்ச பிள்ளை, தோளில் தூக்கிட்டுப் போய்க் காட்டிட்டு வந்துடறேன்" என்று பாட்டி கிளம்பினார். அத்தனை கூட்டத்தில் ரத்தம் வந்தால் வெளியே வரவே ஒரு மணி நேரம் ஆகுமே! பெரிய மருமகள்தான், "அத்தை, பெருமாள் அடுத்த வருஷமும் கருடன் மேல வருவார். நீங்க போய் இவனுக்கும் சேர்த்துக் கும்பிட்டு வாங்க" என்று சமாதானம் சொன்னாளாம்.

பையன் இப்போது சத்தமில்லாமல் தூங்குகிறான், பாய் நனைவதில்லை. பெண்ணுக்கு இந்த வருஷம் தொண்டை ஜுரம் ஒரே ஒரு தடவைதான். பத்து நாள் மருந்தையும் முடித்தார்கள். எடுத்ததும் சரி, எடுக்காததும் சரி.

சகோதரிகளே, இன்றைக்கே ஒரு நோட்டு போடுங்கள். தேதி, எத்தனை டிகிரி ஜுரம், இருமல் மூக்கொழுகல் உண்டா, டாக்டர் என்ன மருந்து கொடுத்தார், எத்தனை நாள் பள்ளிக்கூடம் போகவில்லை, ராத்திரி மூச்சு எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுதினால் போதும். டாக்டர் கேட்கும்போது "எப்பப் பார்த்தாலும்" என்று சொல்லாமல் அதை நீட்டுங்கள். சந்தேகம் இருந்தால் இன்னொரு டாக்டரின் அபிப்பிராயத்தையும் கேளுங்கள். அதில் யாருக்கும் அவமரியாதை இல்லை.

அடுத்த இதழில் குழந்தைகளின் காது வலி பற்றிப் பார்ப்போமா? அதுவரை ஊக்கையும் கோழி இறகையும் குழந்தையின் காதிலிருந்து தூரமாக வையுங்கள்!