கடலிலும் களை எடுக்க ஆள் வேண்டும்!

மயிலாடுதுறைப் பக்கம் நடவு முடிந்து இருபது நாள் ஆனால், பெண்கள் களை பறிக்க வயலில் இறங்கி விடுவார்கள். பறிக்காமல் விட்டால் கோரையும் புல்லும் பயிரை அமுக்கிவிடும்.

கடலுக்கு அடியிலும் இப்படி ஒரு வயல் இருக்கிறது. அதுதான் பவளப்பாறை. அங்கே பாசிதான் களை. அதைத் தின்று பாறையைச் சுத்தம் செய்யும் வேலையாள், கடல் முள்ளெலி!

எங்கே வாழ்கிறது?

பவளம் வளரத் தெளிந்த தண்ணீர் வேண்டும். தரங்கம்பாடி, பூம்புகார் கடலோரம் மணலும் வண்டலும் நிறைந்தது. ஆகவே இந்தப் பிராணியைப் பார்க்கத் தெற்கே மன்னார் வளைகுடாவுக்குப் போகவேண்டும். ராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை அங்கே பவளத் தீவுகள் வரிசையாக உள்ளன. 1986-ம் ஆண்டு அந்தப் பகுதி கடல் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டது.

நீண்ட முள் கொண்ட கறுப்பு முள்ளெலியின் உடல், சாத்துக்குடி அளவுதான். முள்ளோ ஓர் அடி வரை நீளும். காலில் குத்தினால் உள்ளேயே ஒடிந்து கடுக்கும். பகலில் பாறை இடுக்கில் பதுங்கும். இரவில் வெளியே வந்து மேயும். வாய் அடிப்பக்கம் இருக்கிறது. அதில் ஐந்து பற்கள்!

அங்கே நடந்தது என்ன?

அமெரிக்காவை அடுத்த கரீபியன் கடலில் இதன் உறவு இனம் ஒன்று உண்டு. 1983-ல் பனாமா கரையில் அது சாகத் தொடங்கியது. ஓர் ஆண்டு சுற்றுக்குள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மடிந்துவிட்டது.

ஜமைக்கா தீவில் பாசி தின்னும் மீன்களை மக்கள் முன்பே அளவுக்கு மீறிப் பிடித்திருந்தார்கள். புயலும் பவளத்தை உடைத்திருந்தது. முள்ளெலியும் போனதும் பாசியைத் தின்ன ஆள் இல்லை. பாறை முழுவதும் பாசி மூடியது. பவளம் அழிந்தது.

2022-ல் அதே கரீபியனில் மீண்டும் சாவு. கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் அணுவே காரணம் என்று 2023-ல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அந்த நோய் செங்கடலுக்கும் வந்தது. அங்கே மடிந்தது, மன்னார் வளைகுடாவில் வாழும் அதே இனம்! இந்துமகா சமுத்திரத்து ரியூனியன் தீவிலும் அதே குடும்பத்து முள்ளெலிகள் மடிந்தன.

நமக்கு என்ன கவலை?

பவளப்பாறை அலையைத் தடுக்கும் கரை. மீன் குஞ்சுகளுக்குத் தொட்டில். சுண்ணாம்புக்காகப் பாறையை வெட்டி எடுத்த காலத்தில், மன்னார் வளைகுடாவில் இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. 2010-லும் 2016-லும் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது. செத்த பவளத்தின்மேல் முதலில் குடியேறுவது பாசிதான்.

முள்ளெலி மிதமிஞ்சிப் பெருகினாலும் தொல்லைதான். பாசியோடு பாறையையும் சுரண்டிவிடும். அளவோடு இருப்பதே நல்லது.

நோயை வேலி போட்டுத் தடுக்க முடியாது. ஆனால் பாசி தின்னும் மீன்களை விட்டுவைக்கலாம். கடலில் கழிவு கலக்காமல் பார்க்கலாம். முள்ளெலிகளை அடிக்கடி எண்ணிப் பார்த்து, நோய் கண்டால் உடனே அறியலாம். ஒரே வேலையாளை நம்பிய ஜமைக்காவின் கதி நமக்கு வேண்டாம்.

களை முற்றிய பிறகு பயிரைக் காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பதைக் காவிரிக் கரைக் குடியானவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.