வலிமையான கருவியா, நல்ல விளையாட்டா?

வீடியோ கேம் விளையாடுவதில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு. புதிய கொன்சோல் ஒன்று வந்தால் அதன் வேகம் என்ன, படம் எவ்வளவு தெளிவு என்றுதான் பலரும் விசாரிக்கிறார்கள். அதில் விளையாட என்ன இருக்கிறது என்பதே முதற் கேள்வியாக வேண்டும் என்பது எனது கருத்து.

1989இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 'கேம் போய்' எனும் கையடக்கக் கருவியை வெளியிட்டது. அதன் திரையில் வண்ணமே இல்லை. மறு வருடம் செகா நிறுவனம் வண்ணத் திரையுடன் 'கேம் கியர்' கருவியைக் கொண்டுவந்தது. பார்வைக்கு அதுவே அழகு. ஆனால் ஆறு பெட்டரிகள் போட்டாலும் சில மணித்தியாலங்களில் அணைந்துவிடும். கேம் போய் நான்கு பெட்டரிகளில் பத்து மணித்தியாலங்களுக்கு மேல் ஓடியது. அதில் பெரும் புகழ்பெற்ற 'டெட்ரிஸ்', விழும் கட்டைகளை அடுக்கும் விளையாட்டு. அதற்கு வண்ணம் தேவைப்படவில்லை. விற்பனையில் வென்றதும் கேம் போய்தான். அதன் உருவாக்கத்துக்குத் தலைமை தாங்கிய குன்பெய் யொகோய், பழகிய மலிவான தொழில்நுட்பத்தைப் புதுவிதமாகப் பயன்படுத்துவதையே கொள்கையாகக் கொண்டிருந்தார்.

தோழியரே, வீட்டிலுள்ள பழைய கணினியிலேயே ஓடக்கூடிய நல்ல விளையாட்டுகள் ஏராளம். அவை இருக்க, இலட்சம் ரூபாவைத் தாண்டும் கருவி கேட்டு வாப்பாவை நெருக்குவது நியாயமல்ல. பெற்றோரே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். விளையாட்டென்றாலே வீண் என்று ஒதுக்காமல், சற்று அருகில் அமர்ந்து, அதில் என்ன செய்கிறோம் என்று மகனிடம் போலவே மகளிடமும் கேளுங்கள்.