செங்கல் தூக்க வந்த வெள்ளைக்காரர்கள்

போன வாரம் மல்லாட்டைக்கு முதல் களை எடுத்துக்கிட்டிருந்தப்ப சென்னையிலிருந்து நண்பர் ஒருத்தர் போன் பண்ணினார். அவர் மகன் இன்ஜினியரிங் மூணாவது வருஷம். அவங்க சபையிலிருந்து கோடை லீவுல ஆப்பிரிக்காவுக்கு ஒரு குழு போகுதாம். ஏழைக் கிராமம் ஒண்ணுல ரெண்டு வாரம் தங்கி, தங்கள் கையாலேயே ஒரு சர்ச் கட்டிக் கொடுத்துட்டு வரப்போறாங்க. தலைக்கு ஒன்றரை லட்ச ரூபாய். "உங்க ஊர்ப் பக்கம் வெள்ளைக்காரங்க வந்து இப்படிக் கட்டினாங்கன்னு ஒரு தடவை சொன்னீங்களே, பையனை அனுப்பலாமா?"ன்னு கேட்டார். களை எடுக்கிற ஆளுங்களை வரப்புல நிக்க வச்சுட்டு இதுக்குப் பதில் சொல்ல முடியல. அதான் இங்கே எழுதறேன்.

அது 2010 ஜனவரி. எங்க ஊரிலிருந்து ஒரு வாய்க்கால் தாண்டினா காலனி. அங்க பாதிக்குப் பாதி கிறிஸ்தவங்க. ஒரு கீத்துக் கொட்டகையிலதான் ஜெபம் நடக்கும். அதை இடிச்சுட்டு நல்ல கட்டடம் கட்டித் தர்றோம்னு அமெரிக்காவிலிருந்து 14 பேர் வந்தாங்க. பாதிப் பேர் காலேஜ் பிள்ளைங்க. திண்டிவனத்துல ரூம் போட்டுத் தங்கி, தினம் காலையில வேன்ல வந்து இறங்குவாங்க. நாங்க வாய்க்கால் கரையில நின்னு வேடிக்கை பார்ப்போம்.

காலனியில கொத்தனாருக்குப் பஞ்சமே கிடையாது. அன்னைக்கே ஏழெட்டு பேர் இருந்தாங்க. விழுப்புரம்–தாம்பரம் பாசஞ்சர் ரயில்ல ஏறிப் பாருங்க, கரண்டியும் ரசமட்டமும் பையில வச்சிருக்கிற எங்க மாவட்டத்து ஆளுங்க எத்தனை பேர்னு தெரியும். நீங்க படிச்சுக்கிட்டிருக்கிற இந்த நிமிஷம் உக்காந்திருக்கிற அபார்ட்மெண்டுக்குச் செங்கல் வச்ச கை விழுப்புரத்துக் கையா இருக்கலாம். பழவந்தாங்கல்லயும் வேளச்சேரியிலயும் மூணு மாடி நாலு மாடி எழுப்பின மேஸ்திரி அந்த ரெண்டு வாரமும் தன் சொந்தத் தெருவுல பத்தொன்பது வயசுப் பொண்ணுக்குக் கரண்டி பிடிக்கச் சொல்லிக் கொடுத்துக்கிட்டிருந்தார். வந்தவங்க செங்கல்லை நனைக்காமலே எடுத்து வைப்பாங்க. காய்ஞ்ச செங்கல் கலவையில இருக்கிற தண்ணியை உறிஞ்சிடும், சுவர் பிடிப்பா நிக்காது. மேஸ்திரி ஒண்ணும் சொல்ல மாட்டார். விடியற்காலையிலயே வந்து அன்னைக்கு வேண்டிய செங்கல்லை எல்லாம் தொட்டியில ஊறப்போட்டு வச்சுடுவார்.

எனக்கு அப்பவே உறுத்தினது கூரைதான். கான்கிரீட் தளம் போட்டா சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க ரெண்டு மூணு வாரம் விடணும். நீர் கட்டி நிறுத்தி ஆறவிடணும். அவங்களுக்கோ மொத்தமே ரெண்டு வாரம். கடைசி ஞாயித்துக்கிழமை திறப்பு விழா முடிஞ்சு, அன்னைக்கு ராத்திரியே மீனம்பாக்கம் போகணும். அதனால தளம் வேண்டாம், ஷீட்டே போதும்னு முடிவாச்சு. சிமெண்டு எத்தனை நாள் கேட்டுச்சுன்னு யாரும் பார்க்கல. விமான டிக்கெட்ல என்ன தேதி போட்டிருந்துச்சோ அதுக்குத் தகுந்த மாதிரி கட்டடம் எழும்புச்சு.

அடுத்த வருஷம் டிசம்பர் 30-ந் தேதி விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரை ஏறுச்சு. எங்க பக்கம் வாழை, தென்னை, முருங்கை எதுவும் மிஞ்சல. சர்ச் ஷீட்டுல பாதி என் கழனியில வந்து விழுந்துச்சு. சுவர் நின்னுச்சு, அது செங்கல் ஊறப்போட்டவர் புண்ணியம். அதுக்கப்புறம் காலனி ஜனங்க வீட்டுக்கு வீடு மாசாமாசம் சீட்டு மாதிரி பணம் கட்டி, மூணு வருஷம் கழிச்சு தளம் போட்டாங்க. பொங்கலுக்கு ஊருக்கு வந்த கொத்தனாருங்க கூலி வாங்காம வேலை செஞ்சாங்க. வாசல்ல பதிச்ச சலவைக்கல்லுல இன்னைக்கும் அமெரிக்கச் சபையோட பேர்தான் இருக்கு. தளம் போட்டவங்களுக்குக் கல்லு கிடையாது.

விவசாயி புத்தி, கணக்குப் போடாம இருக்காது. அன்னைக்கு ஒரு ஆளுக்குப் போக வர எழுபதாயிரம்னு வச்சாலும் 14 பேருக்கு 9,80,000 ரூபாய். அன்னைக்கு இங்க கொத்தனார் கூலி 350. அந்த டிக்கெட் காசுல 2,800 நாள் கூலி கொடுத்திருக்கலாம். ரயிலேறிப் போன ஏழெட்டு பேரும் ஒரு வருஷம் சொந்த ஊர்லயே வேலை பார்த்திருப்பாங்க. இது என் கணக்கு மட்டுமில்ல. 1998-ல மிட்ச் புயல் ஹோண்டுராஸ் நாட்டைச் சூறையாடினப்ப அமெரிக்கச் சபைகளிலிருந்து குழு குழுவாப் போய் வீடு கட்டிக் கொடுத்தாங்க. கர்ட் வெர் பீக்னு ஒரு சமூகவியல் பேராசிரியர், அவரும் கிறிஸ்தவர்தான், அந்த வீடுகளையும் உள்ளூர் ஆளுங்களே கட்டின வீடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். குடியிருக்கிறவங்க வாழ்க்கையில பெரிய வித்தியாசம் எதுவும் இல்லன்னு கண்டார்.

திண்டிவனத்துக்காரனுக்கு இந்த விஷயத்துல இன்னொரு ஞாபகமும் வரும். 1890-களோட ஆரம்பத்துல அமெரிக்க ஆற்காடு மிஷனோட டாக்டர் ஜான் ஸ்கடர் திண்டிவனத்துல இருந்தார். உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்த்துக்க அவர் மகள் ஐடா வந்திருந்தாங்க. இந்த ஊர்ல காலம் தள்ளுற எண்ணமே அந்தப் பொண்ணுக்குக் கிடையாது, சீக்கிரம் அமெரிக்காவுக்குத் திரும்பிடணும்னுதான் இருந்தாங்க. ஒரு ராத்திரி மூணு பேர் வந்து கதவைத் தட்டினாங்க. ஒருத்தர் பிராமணர், ஒருத்தர் முஸ்லிம், ஒருத்தர் வேற உயர்ந்த சாதிக்காரர். மூணு பேர் வீட்டிலயும் மனைவிக்குப் பிரசவம் சிக்கல். ஆம்பளை டாக்டர் வரக்கூடாது, நீ வாம்மான்னு கேட்டாங்க. ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. விடிஞ்சு பார்த்தா மூணு பொம்பளைங்களும் செத்துப் போயிருந்தாங்க.

இந்தக் கதையை நம்மாளுங்க பெரும்பாலும் மனசு மாறின கதையாத்தான் சொல்வாங்க. எனக்கு அதுல வேற ஒண்ணு தெரியுது. அந்த ராத்திரி அவங்ககிட்ட மனசு இருந்துச்சு, தொழில் இல்ல. அதனால அவங்க மறுநாளே ஓடி ஓடி உதவி செய்யக் கிளம்பல. கப்பலேறிப் போய் டாக்டருக்குப் படிச்சாங்க. 1899-ல கார்னெல்ல பட்டம் வாங்கி, 1900-ல வேலூர்ல ஒரே ஒரு கட்டிலோட ஆரம்பிச்சாங்க. 1902-ல கட்டின ஆஸ்பத்திரிக்கு, நியூயார்க் வங்கிக்காரர் ஒருத்தர் தன் மனைவி நினைவா 10,000 டாலர் கொடுத்தார். பணம்தான் அங்கிருந்து வந்துச்சு. 1909-ல நர்ஸ் பயிற்சி, 1918-ல பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. நம்ம ஊர்ப் பொண்ணுங்களுக்கே அந்தத் தொழிலைக் கத்துக் கொடுத்தாங்க. 1960-ல கொடைக்கானல்ல இறந்தாங்க. ரெண்டு வாரத்துல முடிகிற வேலையா அது?

இதே கணக்குல லாரி பேக்கரையும் சொல்லலாம். 1945-ல தொழுநோய் மிஷன் கட்டட வேலைக்காக இந்தியாவுக்கு வந்த இங்கிலீஷ்காரர், படிச்ச ஆர்க்கிடெக்ட். வந்ததும் இந்த நாட்டு மண்ணு, சுண்ணாம்பு, கல்லு எல்லாம் இங்கத்துக் கொத்தனார் கையில எப்படி நிக்குதுன்னு பார்த்துக் கத்துக்கிட்டார். 2007-ல திருவனந்தபுரத்துல இந்தியக் குடிமகனா இறந்தார்.

இவ்வளவும் சொல்லிட்டேன், இனி எனக்கு எதிரா ஒண்ணு சொல்லியாகணும்.

அந்த ரெண்டு வாரமும் மத்தியானச் சாப்பாடு காலனி வீடுகள்லதான். ஒரு நாளைக்கு ஒரு வீடு. கருவாட்டுக் குழம்போ கேழ்வரகுக் களியோ, கொடுத்ததைத் தரையில உக்காந்து தின்னாங்க. மேஸ்திரியோட அம்மா, இப்ப இல்ல, ஒரு நாள் வாய்க்கால் கரையில என்னைப் பார்த்துச் சொன்னது: "அந்தப் பொண்ணு எங்க வூட்டுப் பானையில மொண்டு தண்ணி குடிச்சிச்சு சாமி." வேற ஒண்ணும் சொல்லல. சொல்லிட்டுப் போயிடுச்சு.

நான் அப்ப நாப்பது வயசு ஆள். வாய்க்கால் தாண்டி எத்தனையோ தடவை போயிருக்கேன், ஆள் கூப்பிட, வைக்கோல் கட்டு ஏத்தச் சொல்ல. ஒரு வீட்டு வாசப்படி ஏறினதில்ல. ஒரு வாய் தண்ணி குடிச்சதில்ல. என்னை மேஸ்திரி மூணு தடவை வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கார், ஏதோ சாக்குச் சொல்லித் தட்டிக் கழிச்சிருக்கேன். பத்தாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்தவங்க வச்ச சுவரு கோணலா நேரான்னு ரசமட்டம் பிடிச்சுப் பார்க்கிற யோக்கியதை எனக்கு இருக்கான்னு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. அந்த வருஷம் பங்குனியிலதான் மேஸ்திரி வீட்டுக்கு முதல் தடவையாப் போய்ச் சாப்பிட்டேன். எங்க வீட்டுல பேச்சு வாங்கினதைத் தனியா எழுதணும்.

அதனால டிக்கெட் காசு வீண்னு ஒரே அடியா அடிச்சுச் சொல்ல வாய் வரல. சுவர் கட்டத் தெரியாத பிள்ளைங்களை விமானத்துல கூட்டிட்டு வந்து சுவர் கட்ட வச்சது வீண்தான். ஆனா அந்தப் பிள்ளைங்க கூடவே உக்காந்து சாப்பிட்டது வீண் இல்ல. ரெண்டையும் ஒரே பில்லுல போட்டதுதான் குழப்பம். சாப்பிடறதுக்குச் செங்கல் எதுக்கு? அந்தக் குழுவுல ஒரு பெரியவர் இருந்தார், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எலக்ட்ரீஷியன். அவர் கரண்டியைத் தொடவே இல்ல. காலனிப் பசங்க ரெண்டு பேரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு வயரிங் போட்டார், எர்த் எதுக்குன்னு கையைக் காட்டி விளக்கினார். அதுல ஒரு பையன் இப்ப ஒரகடத்துல கம்பெனி வேலையில இருக்கான். அவர் சொல்லிக் கொடுத்ததாலதான்னு சொல்ல மாட்டேன், அவன் ஐ.டி.ஐ. படிச்சவன். ஆனா அவரை இன்னும் விசாரிப்பான்.

நேத்து ராத்திரி நண்பருக்குப் போன் பண்ணி, பையனையே பேசச் சொன்னேன். எதுவும் அறிவுரை சொல்லல.

"தம்பி, நீங்க போற ஊர்ல கொத்தனார் எத்தனை பேர் இருக்காங்க?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "தெரியல அங்கிள். யாரும் கேக்கல."

"கூரை என்ன போடறீங்க?"

"அதுவும் கேட்டுச் சொல்றேன் அங்கிள்."

கேட்டுச் சொல்லட்டும். அதுக்குள்ள மல்லாட்டைக்கு ரெண்டாம் களை வந்துடும்.