கேட்ட கதையை விளையாடிச் சொல்லட்டும்
(பாலர் பள்ளி ஆசிரியைகள் சங்கத்தின் நிலைப்பாடு)

மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கதை சொல்லி முடித்த மாத்திரத்தில் அவர்களை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்பதும், கதையை வரி பிசகாமல் ஒப்பிக்கச் செய்வதும் பாலர் பள்ளிகள் பலவற்றில் வழக்கமாகிவிட்டன. இவ்வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும், கேட்ட கதையைக் குழந்தைகள் விளையாட்டின் வாயிலாகத் தாங்களே திரும்பச் சொல்ல நாள்தோறும் அவகாசம் தரப்பட வேண்டும் என்பதும் எங்கள் சங்கத்தின் தீர்மானமான அபிப்பிராயம்.

காக்கையும் நரியும் கதையையே எடுத்துக்கொள்வோம். முறத்தில் வடையைப் பரப்பிக்கொண்டு ஒரு குழந்தை பாட்டியாகவும், பெஞ்சின்மேல் ஏறி மற்றொன்று காக்கையாகவும் ஆகிவிட்ட பிறகு, நரியாக வந்த பிள்ளை வடை விழுமுன்னரே ஓடத் தலைப்பட்டால், ஆசிரியை வாய் திறக்க வேண்டியதில்லை, "காக்கா இன்னும் பாடவே இல்லையே!" என்று தோழர்களே தடுத்துவிடுவார்கள். எது முன், எது பின், எதனால் எது விளைந்தது என்னும் காரணகாரிய சம்பந்தம் அங்கே ஒருவரும் போதிக்காமலே தெளிவாகிறது. மேலும், நரியின் நாவு காக்கையைப் புகழ, அதன் மனமோ வடையில் இருக்கிறது என்னும் சூட்சுமத்தை, நரியாக நடிக்கும் குழந்தை தன் குரலிலேயே காட்டியாக வேண்டும். பிறர் மனத்தை அறிதற்கு இதனினும் நல்ல பயிற்சியை நாங்கள் கண்டதில்லை.

இக்கொள்கை புதிதன்று. பாவ்நகரில் 1920-இல் பால மந்திரம் தொடங்கிய கிஜுபாய் பதேக்கா கதைக்கும் நடிப்புக்கும் கல்வியில் பிரதான ஸ்தானம் அளித்தார். சிகாகோவில் நெடுங்காலம் பாலர் வகுப்பு நடத்திய விவியன் பேலி, குழந்தைகள் சொன்ன கதைகளைச் சொன்னவாறே எழுதிக்கொண்டு, வகுப்பில் அவர்களையே நடிக்கச் செய்தார்.

ஆசிரியைக்கு இதில் வேலையில்லை என்று கொள்ளலாகாது. ஒரே கதையைப் பல நாள் சலியாமல் சொல்வதும், துண்டு, கொட்டாங்குச்சி, கூடை முதலியவற்றைக் கைக்கெட்டும்படி வைப்பதும், ஆட்டம் தடைப்படும்போது "அப்புறம்?" என்று ஒரு சொல் கொடுத்து ஒதுங்கிக்கொள்வதும் அவர் கடமை. வீட்டுப் பேச்சில் கதை வந்தால் அதைத் திருத்தக் கூடாது. பேசத் தயங்கும் குழந்தை மரமாக நின்றால் அதுவும் போதும். முடிவை மாற்றி, பாட்டி காக்கைக்கு இன்னொரு வடை கொடுத்தாள் என்று ஒரு பிள்ளை சொன்னால், அது பிழையன்று. ஆண்டு விழாவுக்காக வசனம் உருப்போடச் செய்து மேடையேற்றும் நாடகம் இவ்விளையாட்டுக்கு ஈடாகாது.

ஆகவே, ஒப்பித்தலுக்கு மதிப்பெண் இடுவதை இக்கல்வியாண்டிலேயே நிறுத்தி, அந்நேரத்தைக் கதை விளையாட்டுக்கு அளிக்குமாறு பள்ளி நிர்வாகிகளையும், அதற்கு இசையுமாறு பெற்றோரையும் கேட்டுக்கொள்கிறோம்.