முதல் அச்சாரம் மேளத்துக்கு

"உங்க வீட்டில் எப்போ கொட்டுமேளம்?" என்றுதான் நம் ஊர்ப் பெரியவர்கள் கேட்பார்கள். கல்யாணம் என்ற சொல்லைக்கூடச் சொல்ல மாட்டார்கள். எப்போது சத்திரம், எப்போது சாப்பாடு என்று யாரும் கேட்டதில்லை. இப்படிக் கல்யாணத்துக்கே பெயராக நின்ற மேளத்துக்கு, தில்லியில் வாழும் நம் குடும்பங்களின் கல்யாண ஏற்பாட்டில் இன்று எத்தனையாவது இடம்? மண்டபம், சமையல், வாத்தியார், போட்டோ, வீடியோ, பூ அலங்காரம், மெஹந்தி, தாம்பூலப் பை என்று எல்லாம் பேசி முடித்து, பத்திரிகையும் அச்சாகி வந்த பிறகு, ஊரிலிருந்து போன் செய்யும் ஒரு பெரியம்மா நினைவூட்டுவார்: "மேளத்துக்குச் சொல்லியாச்சா?"

அதன் பிறகு நடக்கும் ஓட்டம் அன்பர்கள் பலருக்கும் தெரிந்ததே. கரோல்பாக்கில் ஒருவரைக் கேட்டால் மயூர் விஹாரில் ஒருவரைக் கைகாட்டுவார். அவர் நொய்டா கோயிலில் விசாரிக்கச் சொல்வார். கடைசியில் யாரோ ஒருவர் கிடைத்தால் மகிழ்ச்சி; கிடைக்காவிட்டால் "பென்டிரைவில் போட்டுக்கொள்ளலாம், யார் கவனிக்கப் போகிறார்கள்" என்று முடித்துவிடுகிறோம். இது சரியில்லை. நாள் குறித்தவுடன் கொடுக்க வேண்டிய முதல் அச்சாரம் மேளத்துக்கு என்பதே என் தாழ்மையான கருத்து. அதற்கான காரணங்களைச் சொல்கிறேன்.

முதல் காரணம், இரண்டு பஞ்சாங்கங்களுக்கு நடுவில் நாம் வாழ்கிறோம் என்பது. வடநாட்டு வழக்கில் ஆஷாட ஏகாதசி முதல் கார்த்திகை ஏகாதசி வரை ஏறக்குறைய நான்கு மாதம் சாதுர்மாஸ்யம். அந்த நாட்களில் இங்கே பொதுவாகக் கல்யாணம் செய்வதில்லை. நமக்கோ ஆவணி நல்ல கல்யாண மாதம். ஆவணியில் நாள் வைத்தால் தில்லியில் கேட்ட மண்டபம் கேட்ட தேதியில் கிடைக்கும். வாடகையிலும் கொஞ்சம் இறங்கி வருவார்கள். மண்டபமே இவ்வளவு எளிதாகக் கிடைத்துவிட்டதே, மேளத்துக்கு என்ன அவசரம் என்று இருந்துவிடுகிறோம். அதே முகூர்த்த நாளில் கும்பகோணம், திருவாரூர், மாயவரம் பக்கம் என்ன நடக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். ஆடி முடிந்து வரும் முதல் முகூர்த்தங்கள் அவை. வாசிக்கத் தெரிந்த அத்தனை பேரும் மாதக்கணக்கில் முன்னாலேயே ஒப்புக்கொண்டிருப்பார்கள். மண்டபக்காரருக்கு ஓய்வான மாதம் மேளக்காரருக்கு ஓய்வில்லாத மாதம். வைகாசி, தை, பங்குனி எல்லாவற்றிலும் அங்கே நெருக்கடி இதே அளவுதான்.

இரண்டாவது காரணம் தூரம். "ஊரிலிருந்து ஒரு செட் வரவழைத்தால் இவ்வளவு கேட்கிறார்களே" என்று அலுத்துக்கொள்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். இரட்டை நாதஸ்வரம், இரட்டைத் தவில், தாளம், சுருதி என்றால் ஆறு பேர். சென்னையிலிருந்து தில்லிக்கு ரயில் பாதை ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்தாலும் சுமார் 33 மணி நேரம். தஞ்சை மாவட்டத்துக்காரர்களுக்கு அதற்கு முன் ஓர் இரவுப் பயணம். வர இரண்டு நாள், போக இரண்டு நாள், முதல் நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பு, மறுநாள் முகூர்த்தம் என்று நம் வீட்டு ஒரு கல்யாணத்துக்கு அவர்களுக்கு ஆறு நாள் போகிறது. அந்த ஆறு நாளில் உள்ளூரில் இரண்டு முகூர்த்தம் விழுந்தால் அந்த இரண்டு வருமானத்தையும் விட்டுவிட்டுத்தான் நம்மிடம் வருகிறார்கள். அவர்கள் கேட்பது ஒரு வேளை வாசிப்புக்கான கூலி அல்ல, ஆறு பேருடைய ஆறு நாள்.

ரயில் டிக்கெட்டுக்கும் முன்யோசனை வேண்டும். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. போக ஒன்று, வர ஒன்று என்று ஒவ்வொரு பயண நாளுக்கும் 60 நாள் முன்பு, கதவு திறந்த காலையிலேயே, ஆறு பேருக்கும் டிக்கெட் எடுத்துவிட வேண்டும். அதற்குள் செட் முடிவாகி, பெயர், வயது எல்லாம் கையில் இருக்க வேண்டும். விமானத்தில் அழைத்தால் நாள் மிச்சம்தான். ஆனால் தவிலைச் சரக்கோடு சரக்காகப் போட வேண்டும். வழியில் தோல் கிழிந்துவிட்டால் தில்லியில் மாற்றிக் கட்டித் தருபவர் யார்?

மூன்றாவது காரணத்தைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். தில்லியிலும் சுற்றுப்புறத்திலும் நம் கோயில்கள் சிலவற்றில் நாதஸ்வரமும் தவிலும் வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சஷ்டிக்கும், பங்குனி உத்திரக் காவடிக்கும், சுவாமி புறப்பாட்டுக்கும் அவர்கள்தான் நமக்கு. கோயில் சம்பளம் மட்டும் வைத்துக்கொண்டு இந்த நகரத்தில் வாடகை கொடுத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்துவிட முடியாது. கல்யாணங்கள்தான் அவர்களைத் தாங்குகின்றன. நாம் கல்யாணத்துக்குப் பென்டிரைவைப் போட்டுவிட்டு, காவடிக்கு மட்டும் அவரைத் தேடினால் எத்தனை நாள் இருப்பார்? ஒரு நாள் ஊருக்குத் திரும்பிவிடுவார். அப்புறம் காவடிக்கும் பென்டிரைவ்தான். ஆகவே முதலில் உள்ளூர்க் கலைஞரைக் கேளுங்கள். அவருக்கு அன்று வேறு வேலை இருந்தால் ஊரிலிருந்து வரவழையுங்கள். ஊர் செட்தான் வேண்டும் என்பவர்கள், மாப்பிள்ளை அழைப்பையாவது உள்ளூர்க்காரருக்குக் கொடுக்கலாம். ஆனால் இவருடைய நாதஸ்வரத்துக்கு அவருடைய தவில் என்று முகூர்த்த நாளில் ஜோடி சேர்க்க வேண்டாம். நாதஸ்வரமும் தவிலும் பழகி வாசிக்க வேண்டியவை.

பேசி முடிக்கும்போது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. எத்தனை பேர், எத்தனை வேளை, எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை, பயணச் செலவு யாருடையது, தங்கும் அறை, அச்சாரம் எவ்வளவு, மீதி எப்போது என்பதெல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். எந்தச் சடங்குக்கு என்ன வாசிக்க வேண்டும் என்ற விருப்பத்தையும் அப்போதே சொல்லிவிடலாம். காலையில் பூபாளமும் பௌளியும், மாலை அழைப்புக்குக் கல்யாணியும் பூர்விகல்யாணியும், ஊஞ்சலுக்கு லாலியும் அவர்களே அறிந்தவை. சினிமாப் பாட்டு கூடாது என்று நான் சொல்லவில்லை. வரவேற்பில் பிள்ளைகள் கேட்டால் வாசிக்கட்டும். மணமேடையில் சடங்கு நடக்கும்போது சீட்டு எழுதி அனுப்பாமல் இருந்தால் போதும்.

மண்டபத்தில் அவர்கள் உட்காரும் இடத்தையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கை மகள் கல்யாணம் தெற்கு தில்லியில் ஒரு பெரிய ஓட்டலில் நடந்தது. ஓட்டல்காரர்கள் தங்கள் அலங்காரம் கெட்டுவிடும் என்று வித்வான்களை வாசலுக்கு வெளியே, செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். மணமேடைக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு சுவர். வாத்தியார் கைகாட்டியது அவர்களுக்குத் தெரியவில்லை. ஒரு பையன் ஓடிப் போய்ச் சொல்லிக் கெட்டிமேளம் முழங்கியபோது இரண்டாவது முடிச்சும் விழுந்திருந்தது. தவில்காரரின் கண்ணுக்கு மணமேடை தெரிய வேண்டும். அந்த ஒரு நொடிக்காகத்தானே இத்தனை தூரத்திலிருந்து வருகிறார்கள்! தும்மலோ, தகாத சொல்லோ அந்த நேரத்தில் காதில் விழக் கூடாது என்றுதான் கெட்டிமேளம் கொட்டுகிறோம். பதிவு செய்த மேளத்துக்கு மணமேடையில் என்ன நடக்கிறது என்று தெரியாது. வாத்தியார் ஒரு மந்திரத்தை நீட்டினால் அது காத்திருக்காது. நாத்தனார் மூன்றாம் முடிச்சுப் போட முன்னே வரும்போது அது ஓய்ந்திருக்கும்.

மைக்கையும் கொஞ்சம் கவனியுங்கள். நாதஸ்வரம் தெருவிலும் கோயில் பிராகாரத்திலும் முழங்கப் பிறந்த வாத்தியம். மூடிய குளிர்சாதனக் கூடத்தில் அதன் முன்னால் மைக்கை வைத்துவிட்டு "சத்தம் தாங்கவில்லை" என்று குறை சொல்வது நியாயமில்லை. கார்த்திகை, தை மாதத் தில்லிக் குளிரில் குழல் குளிர்ந்தால் சுருதி இறங்கும். சீவாளியைப் பதப்படுத்தி, தவில் வாரை இழுத்துச் சுருதி கூட்டிக்கொள்ள அரைமணி நேரமும் குளிர் இல்லாத ஓர் அறையும் கொடுங்கள். விடியற்கால முகூர்த்தம் வைப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் வாத்தியம் வாசிக்கத் தடை இருக்கிறது. மூடிய மண்டபத்துக்குள் வாசிக்கலாம். ஆகவே ஐந்து மணிக்குப் பந்தலில் மேளம் என்றால் அது கூடத்துக்குள்ளே. மாப்பிள்ளை ஊர்வலம் இரவு பத்துக்குள்ளே.

நம் பிள்ளைகள் பஞ்சாபி, வங்காளிக் குடும்பங்களில் சம்பந்தம் செய்துகொள்ளும் காலம் இது. அவர்கள் பக்கம் டோலும் பாண்டும் வரும். வரட்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் முழங்கவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். பாராத் வாசல் வரை டோலோடு வரட்டும். வாசலில் டோல் நின்றதும் நாதஸ்வரம் எதிர்கொண்டு உள்ளே அழைத்துப் போகட்டும். ஷெனாயைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நாதஸ்வரம் அந்நியமானதல்ல. இரண்டும் சீவாளியில் பிறக்கும் ஒரே குடும்பத்து வாத்தியங்கள். சம்பந்திகளிடம் இரண்டு வார்த்தை சொல்லிவைத்தால் அவர்களே ஆசையோடு வந்து முன்னால் உட்கார்ந்து கேட்பார்கள்.

கடைசியாக மரியாதை. கல்யாண வீட்டில் வித்வான்களுக்கு எத்தனையாவது பந்தியில் இலை விழுகிறது? விடியற்காலை முதல் மூச்சைக் கொடுத்தவர்கள், பாயசம் தீர்ந்த பிறகு உட்காருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நின்றுகொண்டே வாசித்தவர்கள் மேடையில் உட்கார்ந்து வாசிக்கும் மரியாதையைப் பெற, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898-1956) போன்ற மேதைகளே போராட வேண்டியிருந்தது. ஷேக் மெஹபூப் சுபானி, காலீஷாபி மெஹபூப் தம்பதியருக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தபோது நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம். அந்தப் பெருமையில் ஒரு பங்கு நம் வீட்டுப் பந்தலில் வாசிக்கிறவருக்கும் சேர வேண்டாமா? மாப்பிள்ளை வீட்டார் உட்காரும் பந்தியிலேயே அவர்களுக்கும் இலை போடுங்கள். பேசிய தொகையைத் தாம்பூலத்தட்டில் வைத்து, வீட்டுப் பெரியவர் கையால் கொடுங்கள். கணக்கு முடிக்கும் நேரத்தில் பேரம் பேசாதீர்கள்.

இவ்வளவையும் ஒரு குடும்பம் தனியாகச் செய்வது சிரமம் என்பதை நான் அறிவேன். அங்கேதான் நம் சங்கம் உதவ முடியும். தில்லி வட்டாரத்தில் வாசிப்பவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய ஒரு நோட்டுப் புத்தகத்தைச் சங்க அலுவலகத்தில் வைக்கலாம். கல்யாணம் நிச்சயமானவர்கள் தேதியை அதில் பதிந்து வைத்தால், அடுத்தடுத்த முகூர்த்தம் உள்ள இரண்டு வீட்டார் சேர்ந்து ஒரே செட்டை வரவழைக்கலாம். ரயில் செலவு பாதியாகும். வித்வான்களுக்கும் ஒரே பயணத்தில் இரண்டு வருமானம். வந்தவர்கள் இசைந்தால், அதற்கும் தனியாகச் சன்மானம் கொடுத்து, இடையில் ஒரு மாலை நம் கோயிலில் ஒரு மணி நேரம் வாசிக்கக் கேட்கலாம். கல்யாணத்துக்கு அழைப்பில்லாதவர்களும் குழந்தைகளோடு வந்து கேட்டுவிட்டுப் போவார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் பலர் தவிலை அருகில் நின்று பார்த்ததே இல்லை.

மண்டபம் ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று கிடைக்கும். சமையலுக்குத் தில்லியில் பஞ்சமில்லை. நாதஸ்வரமும் தவிலும் மட்டும், நாம் அழைக்காமல் விட்டால் நம்மோடு இருக்காது. அடுத்து நாள் குறிக்கப்போகும் அன்பர்கள், பஞ்சாங்கத்தை மூடிவைத்த கையோடு மேளத்துக்கு ஒரு போன் செய்யுங்கள். மண்டபத்தை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.